ஐந்நூற்று நாற்பது மீட்டர்

பள்ளிக்கூடச் சுவரின் வடகிழக்கு மூலையை
ஆதிப்புள்ளி என்று வைத்துக்கொண்டேன்.
இந்த பியே பீடபூமியில்
போர் முடிந்த இருபது வருடத்தில்
இடம் மாறாமல் நிற்பது அது ஒன்றுதான்.

வரைதாளில் ஒரு கட்டம் பத்து மீட்டர்.
கிழக்கே பன்னிரண்டு, வடக்கே ஐந்து: கறையான் புற்று.
அங்கிருந்து நேர் வடக்கே ஒன்பது ஏறினால்
கவிழ்ந்து கிடக்கும் ராணுவ லாரி,
அதன் சக்கரத்துக்குள் இப்போது ஏதோ குருவி குடியிருக்கிறது.
அப்புறம் மாமரம்: நான்கு, இருபது.
கடைசியாகச் சாலையோரக் கல்: பூச்சியம், பதினேழு.
ஐந்து புள்ளி.
உள்ளே எத்தனை புதைந்திருக்கிறது என்பதற்கு
எந்தத் தாளிலும் கணக்கில்லை.

ஓரம் மட்டும் கணக்குக்கு அடங்கும்.
பன்னிரண்டின் வர்க்கம், ஐந்தின் வர்க்கம்,
கூட்டி மூலம் எடுத்தால் பதின்மூன்று,
ஒட்டாமல் உடையாமல் வந்தது.
கண்ணி வைத்தவன் இவ்வளவு மரியாதை காட்டியதில்லை.
புற்றிலிருந்து லாரிக்கு ஒன்பது, விரல் வைத்தே எண்ணலாம்.
லாரியிலிருந்து மாமரத்துக்கு, எட்டும் ஆறும் சேர்ந்து, பத்து.
மரத்திலிருந்து கல்லுக்கு ஐந்து.
கல்லிலிருந்து சாலையோடு சுவருக்குத் திரும்பப் பதினேழு.
ஐம்பத்து நான்கு கட்டம்.
ஐந்நூற்று நாற்பது மீட்டர் சிவப்புக் கயிறு.

வண்டியில் இருந்தது ஐந்து சுருள்,
சுருளுக்கு நூறு.

"லாரியை வெளியே விட்டுவிடலாம், எட்டெல்வினா"
என்றான் ஹொசி, வேலைக்கு வந்து ஆறு நாள் ஆனவன்.
என் பென்சிலை வாங்கி
புற்றுக்கும் மாமரத்துக்கும் நேராக ஒரு கோடு கிழித்தான்.
எட்டு, பதினைந்து. மூலம் பதினேழு.
பத்தொன்பது போக வேண்டிய இடத்தில் பதினேழு.
இருபது மீட்டர் மிச்சம்;
அப்போதும் இருபது குறையும்.

மரவள்ளிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு
சிலொம்போ தாளை எட்டிப் பார்த்தாள்.
எழுத்துத் தெரியாது என்று முந்தின நாள் சொன்னவள்.
ஹொசியின் கோட்டில் விரலை வைத்தாள்.
"இது எங்கள் ஒற்றையடிப் பாதை.
சுற்றிப் போக யாருக்குப் பொறுமை,
மாங்காய்க்கு இதில்தான் ஓடுவோம்."
விரல் கோட்டை விட்டு லாரிப் பக்கம் நகர்ந்தது,
முக்கால் கட்டம் இருக்கும்.
"ஆடு இங்கே இறங்கியது. பின்னாலேயே நானும்."
ஊன்றுகோலைக் கைமாற்றிக்கொண்டாள்.
ஹொசி அழிப்பான் தேடினான்.

மாலையில் அவளோடு ஏழெட்டுப் பெண்கள்.
கையில் துணி உலர்த்தும் கொடிகள்:
நைலான், சணல், சைக்கிள் டியூபைக் கீறிய பட்டை,
ஒன்றில் இரண்டு கவ்விகளும்
ஒரு குழந்தையின் காலுறையும் அப்படியே.
முடிச்சுப் போட்டு அளந்தோம். நாற்பத்து மூன்று.
சிவப்புச் சாயம் போதாததால்
மாமரத்துக்கும் கல்லுக்கும் இடையே மட்டும்
எங்கள் வேலி இன்னும் நீலமும் பச்சையுமாக இருக்கிறது.

ஒரு மாதம் மண்டியிட்டோம்.
சாலைப் பக்கத்திலிருந்து உள்ளே
நாற்பது மீட்டர் ஆழம், நாற்பது மீட்டர் அகலம்.
பதினொன்று எடுத்தோம்; ஒன்று பள்ளிக்கூட மணியை ஒத்திருந்தது.
பிறகு கயிறை உள்ளே தள்ளிக் கட்டும்போது
ஊர்த்தலைவர் கபிட்டியா கத்தினார்:
"ஒரு மாதம் வேலை செய்து
கயிறை நீளமாக்கியிருக்கிறீர்களே!"

உண்மைதான்.
நான்கு கட்டம் இருந்த இடத்தில் இப்போது பன்னிரண்டு.
நிலம் மீண்டது, சுற்றளவு கூடியது,
அறுநூற்று இருபது.
தாளைக் காட்டி விளக்கினேன். அவர் தாளைப் பார்க்கவில்லை,
மீட்ட துண்டின் நடுவே நின்று
காலால் மண்ணை இரண்டு தரம் மிதித்தார்,
மூன்றாவது தரம் கொஞ்சம் பலமாக.

குய்டோவிலிருந்து இரண்டு சுருள் வந்தன.
சிலொம்போ கேட்பது ஒன்றே ஒன்று:
"என் கொடி எப்போது வரும்?"
ஈரத் துணியெல்லாம் புதரில் கிடக்கிறது, முள் கிழிக்கிறதாம்.
மழைக்கு முன்னால் என்று சொன்னேன்.
எந்த மழை என்று
அவளும் கேட்கவில்லை.